மருந்தையும் நஞ்சையும் ஒருங்கே அறிந்த மேதை – டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

பரிசளிப்பு விழா மலரில் ஆண்டுதோறும் ஒரு பெரியாரின் வாழ்க்கையை எழுதுவது நம் பள்ளியின் வழக்கம். இம்முறை நான் எடுத்துக்கொண்ட பெரியாரின் பெயரை உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் அவர் கண்ட மருந்து உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சம்பவம். என் வகுப்பு மாணவி ஒருத்தியின் பாட்டி, இளமையில் இதே தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். முப்பது வருடம் உளி பிடித்த கை. வயதான காலத்தில் விரல் மூட்டெல்லாம் வீங்கி, காலையில் எழுந்தால் கையை மடக்க முடியாத வாத நோய் வந்துவிட்டது. மருத்துவர் சின்னஞ்சிறு மஞ்சள் மாத்திரை கொடுத்தார். உறையின்மேல் செமிங்கு செக்காலி, அதாவது வாரத்துக்கு ஒரு தடவை என்று எழுதியிருந்தது. பாட்டிக்கு எழுத்து தெரியாது. ஒரு தடவை என்பது மட்டும் காதில் விழுந்தது. வாரத்துக்கு ஒரு தடவை என்பதை நாளுக்கு ஒரு தடவை என்று எடுத்துக்கொண்டார். பத்து நாளில் வாயெல்லாம் புண், கஞ்சிகூட இறங்கவில்லை, காய்ச்சல் வேறு. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நல்லவேளை, உயிர் தப்பியது. இன்னும் சில நாள் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

அந்த மாத்திரையின் பெயர் மெத்தோதிரெக்சேட். உயிர் காக்கவும் செய்யும், உயிர் வாங்கவும் செய்யும் அந்த மருந்து பிறந்த ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர் வெள்ளைக்காரர் அல்லர். நம்மைப்போல் பள்ளித் தேர்வுக்குப் பயந்த ஒரு பையன், சென்னையில் படித்தவர், டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

தோற்றுப்போன மாணவன்

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். தாய்மொழி தெலுங்கு. தந்தை ஜகந்நாதம் வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். உடல்நலம் கெட்டு முன்னதாகவே ஓய்வு பெற்றுவிட்டார். ஏழு பிள்ளைகள் உள்ள வீட்டில் வறுமை எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

பையனுக்கோ படிப்பில் மனம் ஒட்டவில்லை. பள்ளிப் பருவத்திலேயே, காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆகலாம் என்று வீட்டை விட்டு ஓடினான். தாய் வெங்கம்மா விடுவாரா? பிடித்து இழுத்து வந்து மறுபடியும் பள்ளியில் உட்கார வைத்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோல்வி. மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித்தான் தேறினார். மாணவர்களே, இன்று பரிசு வாங்காமல் கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்காகத்தான் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

பிறகு மாநிலக் கல்லூரி, அடுத்து சென்னை மருத்துவக் கல்லூரி. இடையில் துறவியாகப் போகிறேன் என்றார்; தாய் சம்மதிக்கவில்லை. மருத்துவம் படிக்கும் காலத்தில் அவருடைய சகோதரர்கள் இருவர் அடுத்தடுத்து இறந்தார்கள். ஸ்புரூ என்னும் வெப்ப நாட்டு நோய் அவர்களைக் கொண்டுபோனது. ஓயாத வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், இரத்தம் சுண்டிப் போதல், உடல் கரைந்து எலும்பாதல், இதுதான் அந்த நோய். ஏன் வருகிறது, எதனால் தீரும் என்று அன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது. மருத்துவம் படிக்கிற பிள்ளையின் கண்ணெதிரே வீட்டிலேயே சாவு! அந்த வேதனை அவரை வாழ்நாள் முழுதும் விரட்டிக்கொண்டே இருந்தது.

காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அவர் கதர் அங்கி அணிந்து அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. விளைவு, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. அரசாங்க வேலைக்கு வழியில்லை. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியரானார். அவரும் நம்மைப்போல் ஒரு வாத்தியார்தான், பாருங்கள்.

கடல் கடந்த வாழ்க்கை

மாமனாரின் உதவியாலும் காக்கிநாடாவைச் சேர்ந்த ஓர் அறக்கட்டளையின் உதவியாலும் 1922இல் அவர் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரத்தை அடைந்தார். இளம் மனைவி சேஷகிரி ஊரிலேயே இருந்தார். சில வருடத்தில் திரும்பிவிடுவதாகத்தான் எண்ணம். ஆனால் சுப்பாராவ் திரும்பவே இல்லை. பிறந்த மகனையும் அவர் கண்ணால் காணவில்லை. அந்தக் குழந்தை இளம் வயதிலேயே இறந்துபோனது. சஞ்சிக் கூலியாகக் கப்பலேறி இந்த மலாயா நாட்டுக்கு வந்த நம் பாட்டன்மார்களுக்கும் இப்படிப்பட்ட கதை உண்டு அல்லவா? மேதையானாலும் பிரிவு பிரிவுதான்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்ப நாட்டு நோய்களைப் பற்றிப் படித்தார். கையில் காசில்லை. இரவில் மருத்துவமனையில் நோயாளிகளின் மலச்சட்டி அள்ளும் வேலை, பகலில் படிப்பு. தொழிலில் இழிவு இல்லை என்று நாம் மேடையில் பேசுகிறோம். அவர் செய்து காட்டினார்.

அங்கே சைரஸ் ஃபிஸ்கே என்னும் அறிஞரோடு சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். உலகத்து ஆய்வுக்கூடங்களில் அது ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்றே வழங்கியது. பின்னர் தசையில் சக்தியைச் சேமித்து வைக்கும் பொருள்களை இருவரும் கண்டார்கள். ஏ.டி.பி. என்று இன்று உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் படிக்கிறார்களே, அதுவும் அவற்றில் ஒன்று. நீங்கள் உளியை இழுக்கும்போதும், செம்பனைக் குலையைத் தூக்கும்போதும் தசைக்குள் செலவாகும் காசு அதுதான். இத்தனை செய்தும் பல்கலைக்கழகம் அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலத்தில் உள்ள லெடர்லே என்னும் மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்து, பிறகு அதன் ஆராய்ச்சி இயக்குநராகவும் உயர்ந்தார்.

ஊட்டும் சாவியும் பூட்டும் சாவியும்

இங்கேதான் நம் கதையின் முக்கியமான கட்டம். லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் 1920களின் கடைசியில் பம்பாய்க்கு வந்து, கருவுற்ற பெண் தொழிலாளிகளுக்கு வரும் இரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அது குணமாவதைக் கண்டார். அதில் உள்ள பொருள் என்ன? சுப்பாராவின் குழு பல வருடம் பாடுபட்டு, 1945இல் அந்தப் பொருளைச் செயற்கையாகவே செய்துவிட்டது. அதுதான் போலிக் அமிலம். ஸ்புரூ நோயாளிகளுக்கும் அது கைகொடுத்தது. சகோதரர்களைக் கொண்டுபோன நோயைச் சுப்பாராவ் திருப்பி அடித்துவிட்டார்! இன்று தாய் சேய் நல கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிறார்களே, அந்தச் சிறு மாத்திரை இதுதான்.

போலிக் அமிலம் இல்லாமல் உடம்பில் புதிய உயிரணு உண்டாகாது. இரத்தப் புற்றுநோயில் கெட்ட அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், நோயுற்ற குழந்தைகளுக்குப் போலிக் அமிலம் சார்ந்த மருந்துகளைக் கொடுத்தபோது நோய் இன்னும் வேகமாகப் பெருகுவதுபோல் தெரிந்தது. அப்படியானால் எதிர்மருந்து கொடுத்தால் என்ன? போலிக் அமிலத்தைப் போலவே தோற்றம், ஆனால் வேலை செய்யாது; பூட்டுக்குள் நுழைந்து ஒடிந்து நிற்கும் கள்ளச்சாவி மாதிரி. அத்தகைய பொருளைச் சுப்பாராவின் கூடம் செய்து கொடுத்தது. அதன் பெயர் அமினோப்டெரின். 1948 ஜூன் மாதம் ஃபார்பர் அறிக்கை வெளியிட்டார். கடுமையாக நோயுற்ற 16 குழந்தைகளில் 10 குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அதுவரை இரத்தப் புற்றுநோய் என்றால் சாவு என்றே பொருள். முதன்முதலாக ஒரு கதவு திறந்தது.

ஆனால், வாசகர்களே, விலை என்ன தெரியுமா? கள்ளச்சாவிக்கு நல்ல வீடு, கெட்ட வீடு என்ற வித்தியாசம் தெரியாது. உடம்பில் வேகமாகப் பெருகும் நல்ல அணுக்களும் உண்டு. எலும்பு மச்சை, வாயின் உட்தோல், குடல், தலைமுடி ஆகியவை அவை. மருந்து அங்கேயும் போய்ப் பூட்டிவிடும். குழந்தைகளின் வாய் புண்ணாகியது; இரத்த அணுக்கள் குறைந்தன. அந்தக் குடும்பத்தில் சற்று மட்டுப்பட்ட இன்னொரு பிள்ளைதான் பின்னால் நிலைத்துவிட்ட மெத்தோதிரெக்சேட். மூட்டு வாதத்துக்கு அதைச் சிறிய அளவில், வாரத்தில் ஒரே நாள் கொடுக்கிறார்கள். ஒரு நாள் மருந்து, மிச்ச நாள்கள் உடம்பு தேறிக்கொள்ள ஓய்வு. தினமும் விழுங்கினால் ஓய்வே இல்லை. நம் பாட்டிக்கு நேர்ந்தது இதுதான். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று அதே பாட்டிதான் பேத்திக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்!

சுப்பாராவ் தலைமையில் இன்னும் பல மருந்துகள் வந்தன. யானைக்கால் நோய்க் கிருமியைக் கொல்லும் ஹெட்ரசான் 1947இல் வந்தது. நம் நாட்டில் 1960இல் தொடங்கிய யானைக்கால் ஒழிப்புத் திட்டத்தில் இந்த மருந்துதான் பயன்பட்டது. இதிலும் ஒரு பாடம் உண்டு. மருந்து தின்றவர்களில் சிலருக்குக் காய்ச்சல் வரும். உடம்புக்குள் கிருமிகள் செத்து விழுவதால் வரும் காய்ச்சல் அது. அதைக் கண்டு பயந்து மாத்திரையைத் துப்பியவர்களும் உண்டு. ஆரியோமைசின் என்னும் கிருமிக்கொல்லி 1948இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. டெட்ராசைக்ளின் குடும்பத்துக்கு அதுவே மூத்த பிள்ளை.

அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், உறக்கத்திலேயே மாரடைப்பால் சுப்பாராவ் காலமானார். வயது 53தான். தம் பெயரை விளம்பரப்படுத்தாதவர், வெற்றி மேடைக்குத் தம் குழுவினரை அனுப்பிவிட்டுத் தாம் பின்னால் நின்றவர். 1995இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த தபால்தலை வெளியிட்டது.

அவர் விட்டுச் சென்ற கேள்வி

பெரியவர்கள் போய்விடுவார்கள், அவர்கள் விட்ட கேள்வி போகாது. நோயுள்ள இடத்துக்கு மட்டும் மருந்தை அனுப்ப முடியாதா? நல்ல இடத்தைத் தொடாமல் போகச் செய்ய முடியாதா? இன்று உலகமெங்கும் விஞ்ஞானிகள் இதற்குத்தான் மருந்தைச் சுமக்கும் நானோத் துகள்களைச் செய்கிறார்கள். நானோ என்றால் என்னவோ ஏதோ என்று மிரள வேண்டாம். தோட்டத்து ஜனங்களுக்கு அது புதிதல்ல.

ஒரு மங்கு பாலை நினைத்துப் பாருங்கள். பார்வைக்கு ஒரே வெள்ளை. உள்ளேயோ தண்ணீரில் கோடானுகோடி ரப்பர்த் துகள்கள் மிதக்கின்றன. சிறிய துகள் ஒரு மீட்டரில் கோடியில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் புரதமும் கொழுப்பும் சேர்ந்த ஒரு சட்டை. அந்தச் சட்டையிலுள்ள மின்னூட்டத்தால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே நிற்கின்றன. அதனால்தான் பால் பாலாக இருக்கிறது. ஸ்டோரில் ஆசிட் ஊற்றியதும் என்ன ஆயிற்று? மின்னூட்டம் போய்த் துகள்கள் ஒட்டிக்கொண்டு பால் கட்டியாகிவிட்டது. துகளின் அளவு, சட்டை, மின்னூட்டம் – இந்த மூன்றும் தெரிந்தால் நானோ மருந்தின் நன்மையும் தீமையும் பாதி விளங்கிவிடும்.

இங்கிலாந்தில் அலெக் பாங்கம் என்பவர் 1960களில், கொழுப்புப் பொருள் தண்ணீரில் தானாகவே சின்னஞ்சிறு பைகளாக மூடிக்கொள்வதைக் கண்டார். லிப்போசோம் என்று அதற்குப் பெயர். அந்தப் பைக்குள் மருந்தை அடைத்தார்கள். டாக்சோரூபிசின் என்னும் புற்றுநோய் மருந்து இருதயத்தைக் கெடுக்கும். அதைக் கொழுப்புப் பையில் அடைத்துச் செய்த டாக்சில் 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இருதயத்துக்கு வரும் கேடு குறைந்தது. ஆனால் புதிதாக ஒன்று முளைத்தது: சிலருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, கொப்பளித்து, தோல் உரியத் தொடங்கியது. பாருங்கள், நஞ்சு ஒழியவில்லை. இடம் மாறிப் போயிற்று. புதிய வண்டி ஏறிய பிரயாணி புதிய ஸ்டேஷனில் இறங்கியதுபோல!

இன்னும் உண்டு. இரத்தத்தில் விட்ட துகளின்மேல் இரத்தப் புரதங்கள் ஒட்டிக்கொள்கின்றன. ஈரலிலும் மண்ணீரலிலும் காவல் நிற்கும் அணுக்கள் அதை அந்நியன் என்று கண்டு விழுங்கிவிடுகின்றன. எலிகளிலும் சுண்டெலிகளிலும் பத்தாண்டுகளாக நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் கணக்குப் பார்த்தார்கள். செலுத்திய துகள்களில் நூற்றுக்கு ஒன்றுகூடப் புற்றுக்கட்டியைச் சென்றடையவில்லை. நடுத்தரக் கணக்கு 0.7 விழுக்காடுதான். மிச்சமெல்லாம் வேறெங்கோ தங்குகிறது. தங்கியது கரைந்து போகிறதா, கிடந்து கெடுக்கிறதா என்பதே பாதுகாப்பைப் பற்றிய முதல் கேள்வி.

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதால் வந்த துன்பம் ஒன்று உண்டு. 1930கள் முதல் 1950கள் வரை, எக்ஸ்ரே படம் தெளிவாக விழுவதற்காகத் தோரோடிராஸ்ட் என்னும் திரவத்தை நோயாளிகளின் இரத்தக் குழாயில் செலுத்தினார்கள். அதிலிருந்தவை தோரியம் ஆக்சைடின் மிக நுண்ணிய துகள்கள். படம் அருமையாக விழுந்தது. அன்றைக்கு ஒருவருக்கும் வலியில்லை. ஆனால் துகள் கரையவில்லை, வெளியேறவும் இல்லை. ஈரலிலேயே உட்கார்ந்து கதிர்வீச்சை உமிழ்ந்துகொண்டிருந்தது. இருபது முப்பது வருடம் கழித்துப் பலருக்கு ஈரல் புற்றுநோய் வந்தது. இன்று நல்லது என்பது மட்டும் போதாது, நாளைக்கு எங்கே போகும் என்றும் பார்க்க வேண்டும் என்பதை உலகம் அன்று கற்றது.

இதையெல்லாம் கேட்டு, நானோ என்றால் விஷம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2021 பிப்ரவரி 24 முதல் நம் நாட்டில் கோவிட் தடுப்பூசி போட்டார்களே, அதில் ஃபைசர் ஊசி போட்டவர்கள் அத்தனை பேரும் கொழுப்பால் ஆன நானோத் துகள்களைப் பெற்றவர்கள்தான். எப்போதும் நேர் மின்னூட்டம் உள்ள கொழுப்பு உயிரணுவின் தோலைக் கெடுக்கும் என்று முன்னரே கண்டதால், இரத்தத்தில் மின்னூட்டமின்றி இருந்து அணுவுக்குள் போன பிறகே மின்னூட்டம் கொள்ளும் கொழுப்பைப் பல வருடம் தேடிச் செய்தார்கள். ஊசி போட்டதும் உங்களைப் பிளாஸ்டிக் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார வைத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? வேலை கெடுகிறதே என்று சிலர் முணுமுணுத்தார்கள். பத்து இலட்சம் பேரில் ஒரு சிலருக்குத் திடீர் ஒவ்வாமை வரக்கூடும். வந்தால் உடனே காப்பாற்றத்தான் அந்த நாற்காலி. அபாயத்தை மறைக்காமல், அதற்கு ஒரு நாற்காலி போட்டு வைத்த அறிவுதான் உண்மையான பாதுகாப்பு.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே, மருந்தைக் கண்டு பயப்படவும் வேண்டாம், மருந்தைக் கும்பிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளவும் வேண்டாம். இரவுச் சந்தையில் நானோ என்ற பெயரைப் பெரிதாகப் போட்டு, சகல நோயும் தீரும் என்று கூவி விற்றால் ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். எந்தத் துகள், எவ்வளவு, உடம்பில் எங்கே போகிறது என்று விற்பவருக்கே தெரியுமா? நம் நாட்டில் பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் மால் என்ற எழுத்துகளில் தொடங்கும் எண்ணும் மின்னும் ஹோலோகிராம் வில்லையும் இருக்கும். அவை இல்லையென்றால் வாங்காதீர்கள். மெத்தோதிரெக்சேட் எடுப்பவர்கள் எந்தக் கிழமை என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். இரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னால் தவறாமல் போங்கள். வாயில் புண் வந்தாலும் காய்ச்சல் வந்தாலும் அடுத்த மாத்திரையை விழுங்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது.

மாணவச் செல்வங்களே, கடைசியாக உங்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பாட்டியின் பேத்தி மலாய்ப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்குபவள். அந்த உறையில் உள்ள மூன்று நான்கு வார்த்தைகளை ஒரு நொடியில் வாசித்திருப்பாள். ஆனால் யாரும் அவளை வாசிக்கச் சொல்லவில்லை; அவளுக்கும் வாசிக்கத் தோன்றவில்லை. ஆசிரியனாகிய நானும் தேர்வுத் தாளை வாசிக்கக் கற்றுக் கொடுத்தேனே தவிர, மருந்து உறையை வாசிக்கக் கற்றுக் கொடுக்கவில்லை. அந்தக் குறை என்னுடையது. இப்போது என் வகுப்பில் மாதம் ஒரு நாள், வீட்டிலுள்ள காலி மருந்து உறைகளைக் கொண்டுவந்து வாசிக்கிறோம்.

பாட்டி இப்போது நலம். வீட்டுக் காலண்டரில் திங்கட்கிழமை தோறும் பேத்தி சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறாள். அன்றைக்கு மட்டும் மாத்திரை. கை மடங்குகிறது, போன தீபாவளிக்கு முறுக்குக்கூடப் பிழிந்தார்களாம்.

இரண்டு முறை தேர்வில் தோற்ற ஒரு பையன் உலகத்துக்குக் கொடுத்த மருந்து, அளவறிந்து உண்டதால் பேராக்கில் ஒரு தோட்டத்துப் பாட்டியின் கையில் முறுக்காக மலர்ந்தது. நம் பிள்ளைகளில் ஒருவர், மருந்தை நோயிருக்கும் இடத்துக்கு மட்டும் கொண்டுசேர்க்கும் வழியை நாளை கண்டுபிடிக்கட்டும். இன்று பரிசு வாங்கியவராகவும் இருக்கலாம், வாங்காதவராகவும் இருக்கலாம்.